எட்டு மில்லிமீட்டரில் ஒரு பொன்வண்டு: மொபைல் கேமுக்குப் பூச்சி வரைவதில் சிக்கல்

லேபிள்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஒன்பது வருடமாக டிசைன் வேலை பார்க்கிறேன். காலண்டர், பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் வரைவேன். மொபைல் கேமுக்கு வரைவது இதுதான் முதல் தடவை. சித்தி மகன் கோவையில் புரோகிராமராக இருக்கிறான். அவனும் நானும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போனில் பேசிப் பேசி ஒரு புதிர் விளையாட்டு செய்துகொண்டிருக்கிறோம். ஒரே பூச்சி மூன்றை வரிசையில் சேர்த்தால் பறந்துவிடும். அந்த வகைதான், புதிதாக ஒன்றுமில்லை. குறுக்கே 7 கட்டம், நெடுக்கே 8 கட்டம்.

பூச்சிகள் ஆறு: பொன்வண்டு, பொறிவண்டு, தட்டான், கும்பிடுபூச்சி, கட்டெறும்பு, பட்டுப்பூச்சி. பட்டுப்பூச்சி என்றதும் பட்டு நூல் தரும் புழுவை நினைக்க வேண்டாம். முதல் மழை பெய்ததும் செம்மண்ணில் ஊருமே, சிவப்பு வெல்வெட்டைக் கத்தரித்துப் போட்ட மாதிரி, அது.

ஒவ்வொன்றையும் பெரிதாக, ஆசை ஆசையாக வரைந்தேன். பொன்வண்டு முதுகின் பச்சை மினுமினுப்புக்கு மட்டும் ஒன்பது லேயர். அச்சகத்தில் பார்த்த எல்லோரும் காலண்டருக்கே போடலாம் என்றார்கள். அந்த மிதப்பில் தம்பிக்கு அனுப்பினேன், அவனும் கேமுக்குள் ஏற்றிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளிடம் விளையாடக் கொடுத்தோம். ஆறு வயது, கண்ணாடி கீறிய பழைய போன். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "சித்தி, எல்லாமே புளியங்கொட்டை மாதிரி இருக்கு" என்றாள்.

உண்மைதான். பொன்வண்டையும் பொறிவண்டையும் சேர்க்கப் பார்த்தாள். சேரவில்லை என்றதும் போன் கெட்டுப்போச்சு என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். கட்டெறும்பு கண்ணிலேயே படவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் என்று பின்னணிக்குக் கரிசல் மண் வைத்திருந்தேன். கறுப்பு மண்ணில் கறுப்பு எறும்பு. யாரிடம் சொல்லி அழ?

இன்னும் சில குழப்பங்கள். ஆறு கால் வரைந்தால் சின்னதில் முடி முளைத்த மாதிரி இருக்கிறது, நாலாகக் குறைத்தால் தப்பா? எறும்புக்குப் பயில்வான் மாதிரி முறுக்கு மீசை வைத்திருக்கிறேன், எனக்குப் பிடித்திருக்கிறது, தம்பிக்குப் பிடிக்கவில்லை. வில்லனாகக் கரப்பான் வைக்கலாம் என்கிறான் அவன். அம்மாவோ, "அடுப்படியில பாக்குறது போதாதுன்னு போன்ல வேற பாக்கணுமா?" என்கிறார். அப்புறம், ஒரு பூச்சிக்கு 14 ஃப்ரேம் வீதம் அசைவு வரைந்து, 512 பிக்சலில் அனுப்பியிருக்கிறேன். அந்தப் பழைய போன் மூன்றாவது ஆட்டத்தில் நின்றுவிடுகிறது. தம்பி என்னைச் சொல்கிறான், நான் அவனைச் சொல்கிறேன்.

படங்களை இணைத்திருக்கிறேன். தயவு பார்க்காமல் சொல்லுங்கள். கஸ்டமர் திட்டிக் கேட்டுப் பழக்கம்தான்.

நிழலுரு எழுதியது:

படம் பார்த்தேன், நல்ல கை. ஆனால் ஆறையும் பாடப் புத்தகத்தில் போடுவதுபோல முதுகுக்கு மேலிருந்து பார்த்து வரைந்திருக்கிறீர்கள். மேலிருந்து பார்த்தால் பூச்சிகளில் பாதி நீள்வட்டம்தான். குழந்தை புளியங்கொட்டை என்று சொன்னதில் தப்பே இல்லை.

முதலில் இடம் எவ்வளவு என்று பாருங்கள். சாதாரண ஆண்ட்ராய்டு போனின் அகலம் 360 டிபி (எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிய வைக்கும் அலகு) என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஓரத்திலும் 12 விட்டால் மிச்சம் 336. ஏழு கட்டத்துக்குப் பிரித்தால் கட்டத்துக்கு 48. விரலால் தொட இவ்வளவாவது வேண்டும் என்று கூகுள் சொல்வதும் அதே 48தான். அதனால் குறுக்கே எட்டாவது கட்டம் கேட்டுத் தம்பி வந்தால் விரட்டிவிடுங்கள். 48 டிபி என்பது கையில் சுமார் 8 மில்லிமீட்டர். நாலு பக்கமும் கொஞ்சம் இடைவெளி விட்டால் பூச்சிக்குக் கிடைப்பது ஆறேழு மில்லிமீட்டர். நிஜப் பொன்வண்டே இதைவிடப் பல மடங்கு பெரிது! ஒன்பது லேயர் மினுமினுப்பு அங்கே ஒரே ஒரு பச்சைப் புள்ளியாகிவிடும்.

நாங்கள் ஸ்டூடியோவில் வழக்கமாகச் செய்வது இது. ஆறு படத்தையும் முழுக்கக் கறுப்பால் நிரப்புங்கள். நிஜ அளவுக்குச் சுருக்கிக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எது எது என்று ஒரு நொடியில் சொல்ல முடியாவிட்டால் கலர் போட்டு அதைக் காப்பாற்ற முடியாது. கோணத்தை மாற்றுங்கள். தட்டான் மேலிருந்தே இருக்கட்டும், இறக்கை விரித்தால் அது சிலுவை மாதிரி, வேறெதுவும் அப்படி வராது. கும்பிடுபூச்சியைப் பக்கவாட்டில், நிமிர்ந்து, கையைக் கூப்பி. எறும்பும் பக்கவாட்டில்தான், மூன்று மணி கோத்த மாதிரி. பொறிவண்டு பாதிக் கொழுக்கட்டை. பொன்வண்டை மட்டும் நீளமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். பட்டுப்பூச்சி ஒரு பஞ்சு உருண்டை. இப்போது எதை எதனோடு குழப்ப முடியும்?

கலருக்கு வருகிறேன். பொன்வண்டு பச்சை, பொறிவண்டு சிவப்பு, இரண்டும் ஒரே அளவு அடர்த்தி. படத்தை சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள், இரட்டைப் பிள்ளைகள். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், நாம் நினைப்பதைவிட அதிகம். ஒன்றை வெளிறலாக, ஒன்றை அடர்த்தியாக வையுங்கள். அச்சுக்கு வரைந்து பழகியவர் என்பதால் இன்னொன்று: ஃபைலை அச்சு மைக்கான சிஎம்ஒய்கே நிற முறையில் தொடங்கியிருந்தால் திரையில் பச்சை மங்கித்தான் வரும். திரைக்கான ஆர்ஜிபியில் முதலிலிருந்தே ஆரம்பியுங்கள்.

கண் விஷயம். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இரண்டு உருண்டைக் கண் ஒட்டியிருக்கிறீர்கள். அழகுதான், ஆனால் ஆறும் ஒரே அம்மா பெற்ற மாதிரி ஆகிவிடுகிறது. தட்டானுக்குத் தலையே கண்தான், அதைப் பெரிதாக்குங்கள். எறும்புக்குக் கண் சின்னதாகப் போகட்டும், முழங்கை மாதிரி மடங்கிய உணர்கொம்பைப் பெரிதாக்குங்கள். பொறிவண்டுக்கு முகம் தெரியவே வேண்டாம்.

சும்மா_எட்டிப்பார்ப்பவன் எழுதியது:

உங்கள் அம்மா சொல்வதைக் கேளுங்கள். கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டு திரையில் ஓடினால் என் வீட்டம்மா கேமை அழிப்பதோடு நிற்க மாட்டார், போனையே வீசிவிடுவார்.

கழனிக்கட்டு எழுதியது:

தங்கச்சி, நான் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கேம் எனக்குத் தெரியாது. பேரன்தான் இந்தத் திரியைக் காட்டினான். பூச்சி தெரியும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பட்டுப்பூச்சி. அது பூச்சியே கிடையாது. வளர்ந்ததுக்கு எட்டுக் கால், சிலந்தி, உண்ணி வகையறா. சங்கப் பாட்டில் மூதாய் என்று வருவதும், தம்பலப்பூச்சி, இந்திரகோபம் என்பதும் இதுதான். பேரில் பூச்சி இருக்கிறதே என்று நீங்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ஊரே அப்படித்தானே கூப்பிடுகிறது. ஆனால் கால் எட்டு இருக்கட்டும். பள்ளிக்கூடப் பிள்ளை எவனாவது எண்ணிப் பார்த்துவிட்டு உங்களுக்கு எழுதுவான்.

ஆறு காலை நாலாக்குவது பற்றிக் கேட்டீர்கள். எனக்குச் சம்மதமில்லை. ஆறும் நெஞ்சுப் பகுதியில் இருந்துதான் கிளம்பும், வயிற்றில் இருந்து ஒன்றும் கிளம்பாது. நீங்கள் உடம்பு நெடுக நட்டிருக்கிறீர்கள், முடி முளைத்த மாதிரி தெரிவது அதனால்தான். நெஞ்சில் ஒரே இடத்தில் இருந்து மூன்று ஜோடியையும் விசிறி மாதிரி விரித்துப் பாருங்கள். நாலு கால்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அதற்கும் வழி இருக்கிறது. வண்ணத்துப்பூச்சிகளில் ஒரு பெரிய குடும்பத்துக்கு முன்னங்கால் ஜோடி குட்டையாகி நெஞ்சோடு ஒடுங்கிவிடும். நிற்பது, நடப்பது எல்லாம் நாலு காலில்தான். 2019-இல் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தார்களே தமிழ் மறவன், அது அந்தக் குடும்பம்தான். அதை ஏழாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது.

மீசை. எறும்புப் புற்றில் இருந்து வெளியே வந்து தீனி சுமக்கிறதெல்லாம் பெண். நீங்கள் பயில்வான் என்று வரைந்தது ஒரு பொம்பளைப் பிள்ளையை.

வில்லனுக்குக் கரப்பான் எதற்கு? மாவுப்பூச்சி இருக்கிறதே. வெள்ளையாக, பஞ்சு ஒட்டிய மாதிரி இலை மேல் அப்பிக்கொண்டு அசையாமல் கிடக்கும். பார்த்தால் அருவருப்பு வராது, ஆனால் செடியை உறிஞ்சித் தீர்த்துவிடும். 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டபோது நான் பணியில் இருந்தேன். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எதையும் விடவில்லை. மருந்து அடித்தால் அதன் உடம்பு மேல் இருக்கும் மெழுகுப் படலத்தில் தண்ணீராக உருண்டு ஓடும். கடைசியில் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். கடுகைவிடச் சின்னது. அதுதான் அடக்கியது. உங்கள் விளையாட்டில் கட்டத்தை மாவுப்பூச்சி மூடியிருக்கட்டும். பக்கத்தில் பொறிவண்டு சேர்ந்தால் ஒரு அடுக்கு போகட்டும், குளவி வந்தால் மொத்தமும் போகட்டும். வயலில் நடப்பதும் அதுதான்.

குழியானையை ஏன் விட்டுவிட்டீர்கள்? எங்கள் ஊரில் குழிநரி என்போம். திண்ணையோரப் புழுதியில் புனல் மாதிரி குழி பறித்து அடியில் உட்கார்ந்திருக்கும். எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் கீழே இருந்து மண்ணை வாரி அடிக்கும், எறும்பு சறுக்கிக்கொண்டு போய் வாயில் விழும். வெளியே எடுத்து விட்டால் பின்பக்கமாகவே நகரும். இப்படிப்பட்ட ஒன்று பெரிதானதும் தட்டான் மாதிரி இறக்கை முளைத்துப் பறந்துவிடும் என்றால் பிள்ளைகள் நம்புமா?

கும்பிடுபூச்சியைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் கண்ணுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி நம்மையே பார்க்கும். அது நிஜமான கருமணி இல்லை, கூட்டுக் கண்ணில் நமக்கு நேராக இருக்கும் அறைகள் இருட்டாகத் தெரிவதுதான். தலையையும் திருப்பும். விளையாடுகிற பிள்ளையின் விரல் போகிற பக்கம் அந்தப் புள்ளி நகர்ந்தால் எப்படி இருக்கும் என்று பேரன் சொன்னான். அவன் யோசனைதான், என்னுடையது இல்லை.

அரைபிக்சல் எழுதியது:

அக்கா, போன் நிற்பதில் தம்பி மேல் பாதித் தப்பு. 512 பிக்சலில் 84 ஃப்ரேம். 2048க்கு 2048 அளவுள்ள ஓர் அட்லஸில், அதாவது பல படங்களை அடுக்கி வைக்கும் ஒரே பெரிய படத்தில், நாலுக்கு நாலாகப் 16 ஃப்ரேம்தான் பிடிக்கும். ஆக ஆறு அட்லஸ் வேண்டும். ஒன்று சுருக்காமல் மெமரியில் ஏறினால் 16 எம்பி, மொத்தம் 96 எம்பி. பழைய போன் பாவம் என்ன செய்யும்?

48 டிபி என்பது மிகக் கூர்மையான திரையில்கூட 192 பிக்சல்தான். அந்த அளவில் எடுத்தால் ஒரு வரிசைக்குப் பத்து, பத்து வரிசை, 100 ஃப்ரேம் ஒரே அட்லஸில் அடங்கும். 84-உம் உள்ளே போய் 16 இடம் மிச்சம். 96 எம்பி 16 ஆகிவிட்டது. இதை அவன் முதல் நாளே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னும் குறைக்க நினைத்தால் ஃப்ரேம் ஃப்ரேமாக வரையாதீர்கள். தலை, நெஞ்சு, வயிறு, ஒரு கால், ஓர் உணர்கொம்பு என்று துண்டாக வரைந்து கொடுங்கள். பொம்மலாட்டம் மாதிரி புரோகிராமிலேயே ஆட்டிக்கொள்ளலாம். ஒரு கால் போதும், ஆறு தடவை திருப்பிப் போட்டுக்கொள்வோம். தயவுசெய்து 56 பூச்சியும் ஒரே நேரத்தில் அசைய வேண்டாம். நான் அப்படி ஒன்று செய்து, சோதித்துப் பார்த்த நண்பனுக்குத் தலைசுற்றல். எங்காவது ஒன்று உணர்கொம்பை ஆட்ட, நாலு நொடி கழித்து வேறு மூலையில் ஒன்று இறக்கையை உதற, அவ்வளவே போதும்.

ஐயா சொன்ன குழியானையைப் படித்ததும் ஹைவ் ஞாபகம் வந்தது. ஜான் யியானி 2001-இல் வெளியிட்ட மேசை விளையாட்டு, அறுகோணக் காய்கள், ஆளுக்குப் பதினொன்று. வெட்டுக்கிளி நேர்கோட்டில் மற்ற காய்களைத் தாண்டும், வண்டு அடுத்த காயின் முதுகில் ஏறி உட்காரும், எறும்பு ஓரமாகவே எவ்வளவு தூரமும் ஓடும். ஒரு தடவை சொன்னால் மறக்காது, ஏனென்றால் அந்தப் பூச்சி வெளியிலும் அதைத்தானே செய்கிறது. உங்கள் ஆறும் இப்போது வெறும் கலர் உருண்டைகள். சேர்ந்ததும் எல்லாம் ஒரே மாதிரி மறைகின்றன. தட்டான் சேர்ந்தால் சர்ரென்று ஒரு வரிசையைத் தாண்டிப் போகட்டும், எறும்பு சேர்ந்தால் சாரையாகக் கீழே இறங்கட்டும்.

லேபிள்காரி எழுதியது:

பதினோரு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சீசன் நேரம், இரண்டு ஷிப்ட் ஓடுகிறது.

திரையில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனதால் எனக்குத் தெரிந்த வழிக்கே போனேன். லேபிள் ஓடுகிற தாளில் வெட்டிப்போடும் ஓரம் கொஞ்சம் இருந்தது. ஆறு பூச்சியையும் கறுப்பு நிழலாக, 8 மில்லிமீட்டரில், அந்த ஓரத்தில் சேர்த்து ஓட்டிவிட்டேன். மிஷின் அண்ணன் கையில் லென்ஸோடு வந்தார், ரெஜிஸ்டர் பார்க்கும் லென்ஸ், கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று பார்ப்பது. "லென்ஸ் இல்லாம பாருங்கண்ணே" என்றேன். தள்ளிப் பிடித்து, "இது தட்டான். இது எறும்பு. இது என்ன, சாமி கும்பிடுதா? மத்ததெல்லாம் கொட்டை" என்றார். நிழலுரு சொன்ன கோணத்தில் மாற்றிய பிறகும் வண்டு இரண்டும் தேறவில்லை.

பிறகு அவரே இன்னொன்றும் சொன்னார். "லேபிள்ல ஒரு மயிலப் போட்டா கொண்டையையும் தோகையையும்தான் பெருசு பண்ணுவ. கழுத்துக்கு நெளிவு கொடுப்ப. அவ்வளவுதான் வரைவ. இதுல மட்டும் ஏன் எல்லாத்தையும் காட்டணும்னு நிக்கிற?" ஒன்பது வருடம் செய்கிற வேலை, போன் என்றதும் மறந்துபோயிருக்கிறேன்.

பொன்வண்டின் ஒன்பது லேயரையும் தூக்கினேன். கையே வரவில்லை, ஒரு நாள் முழுக்க ஃபைலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். இப்போது ஒரு தட்டையான பச்சை, மேலே சாய்வாக ஒரே ஒரு வெள்ளைக் கீற்று. முதுகு ஓட்டைக் கொஞ்சம் பிளந்து இறக்கை நுனி எட்டிப்பார்க்கிற மாதிரி வைத்தேன், அதனால் ஓரம் உடைந்து புளியங்கொட்டை போய்விட்டது. பொறிவண்டு அடர் சிவப்பில் பாதிக் கொழுக்கட்டை, மூன்றே புள்ளி. கரிசல் மண்ணை விட மனம் வரவில்லை. எறும்பைச் சுற்றி மெலிதாக ஒரு வெளிர் கோடு ஓட்டினேன், பிழைத்துக்கொண்டது.

ஐயா, மீசையை எடுத்துவிட்டேன். பெண் என்று தெரிந்ததும் தம்பி ரிப்பன் கட்டச் சொன்னான். கட்டவில்லை, உணர்கொம்பே ரெட்டைச்சடை மாதிரித்தான் இருக்கிறது. பட்டுப்பூச்சிக்கு எட்டுக் கால் வரைந்து, அதில் ஆறு பஞ்சுக்குள் மறைந்துவிட்டது. முன்னால் நீட்டியிருக்கும் இரண்டு மட்டும் தெரிகிறது. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினால் உங்களிடம் அனுப்பிவைக்கிறேன். மாவுப்பூச்சி வந்துவிட்டது, அம்மாவும் ஒப்புக்கொண்டார். பேரனுடைய கறுப்புப் புள்ளிதான் இருப்பதிலேயே அழகு. தம்பி இரண்டு மணி நேரத்தில் செய்துவிட்டான்.

இன்னொன்று யாரும் சொல்லாமல் நானாகச் சேர்த்தது. சின்ன வயதில் பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் போட்டு, இலை கிள்ளி வைத்து, முட்டை போட்டிருக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்போம். நான் லேபிள் வரைகிற அதே தீப்பெட்டி. ஒவ்வொரு ஆட்டமும் அப்படி ஒரு பெட்டியை விரலால் இழுத்துத் திறப்பதில் தொடங்குகிறது. லேபிளில் அந்த ஆட்டத்துக்கான பூச்சி. அக்கா மகள் தீப்பெட்டியில் வண்டு வளர்த்ததில்லை, ஆனாலும் ஆட்டத்தை விட்டுவிட்டு பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறாள். அதற்குச் சத்தம் வேண்டுமாம், சரக் என்று. நிஜத் தீப்பெட்டியைப் போன் பக்கத்தில் வைத்து இழுத்துப் பதிவு செய்தோம்.

இப்போது மின்மினி. ஆடுகிறவருக்கு உதவ நடுவில் வரும் ஊக்கப் பொருளாக வைத்தால் அழகாக இருக்குமே என்று வரைந்தேன். எப்படி வரைந்தாலும் பழுப்பாக, நீளமாக, அம்மா வேண்டாம் என்ற கரப்பான் மாதிரியே வருகிறது. யாருக்காவது வழி தெரியுமா?

அரைபிக்சல் எழுதியது:

மின்மினியை வரையவே வேண்டாம் அக்கா. அது வந்து உட்கார்ந்ததும் எல்லாக் கட்டங்களையும் இருட்டாக்கச் சொல்லுங்கள். இருட்டுக்குள் மஞ்சளாக ஒரு புள்ளி, அணைந்து அணைந்து எரிந்தால் போதும். அட்லஸில் 16 இடம் மிச்சம் இருக்கிறதே, ஒன்றே ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.